கைர்நார்வன் கோட்டையும் அண்ணையின் பால்காரனும்

ரொறன்ரோவிலிருந்து வெறும் சூட்கேசைக் காவிக்கொண்டு விமானம் ஏறிய தமிழன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் ஆட்கள் சூட்கேசின் மேல் ஏறி இருந்து பூட்டுகிறவர்கள். என் மனைவி மனோவுக்கு அந்த வெறுமை பொறுக்கவில்லை. "ஒண்டுமில்லாமல் கொண்டு போறதே? இந்தக் கறித்தூளையாவது வையுங்கோ," என்று கடைசி நேரத்தில் மூன்று பைக்கற்றுகளைத் திணித்துவிட்டாள்.

அந்தச் சூட்கேஸ் அண்ணையின் சாமான்களுக்கு. அண்ணையையும் கையோடு கூட்டிக்கொண்டு வருவதுதான் நான் போன வேலை.

அண்ணை எனக்குப் பதினொரு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிப்பித்து ஆளாக்கியவர். வேல்ஸின் வடக்கு மூலையில் கைர்நார்வன் என்ற சின்ன ஊரில் இருபத்தைந்து வருடம் டொக்டராக இருந்து ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இல்லை. அண்ணியும் இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டார். போன மாரியில் அண்ணை வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் ஒரு முழு இரவு நிலத்திலேயே கிடந்திருக்கிறார். காலையில் பால்காரன்தான் கண்டுபிடித்தானாம். இந்தச் செய்தி எங்களுக்கு மூன்று கிழமை கழித்து, வேறு ஏதோ கதைக்கும்போது, போகிற போக்கில் வந்தது. மனோ அழுதுவிட்டாள். நாங்கள் அப்போதுதான் ஸ்காபரோவை விட்டு, ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் புது வீட்டுக்கு மாறியிருந்தோம். கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதற்கு வெள்ளை அடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, குளியலறையில் பிடித்து எழும்பக் கம்பியும் பூட்டினோம். பிரிட்டிஷ் பாஸ்போட்காரருக்குக் கனடா வர விசா வேண்டியதில்லை. நான் திரும்புகிற திங்கட்கிழமைப் பயணத்தில் எனக்குப் பக்கத்துச் சீட்டு அவருக்கு.

மன்செஸ்டரில் இறங்கி ரயில் பிடித்தேன். வலது பக்கம் கடல், இடது பக்கம் மலை, மலை முழுக்க ஆடு. பாங்கோர் என்ற ஊரோடு ரயில் கைவிட்டுவிடும், அதற்கப்பால் பஸ்தான். நான் என் பெட்டியும் அந்த வெறும் சூட்கேசுமாகப் பஸ் தரிப்பில் போய் நின்றேன். பஸ் வந்தது. என்னைப் பார்த்தது. போய்விட்டது.

ரொறன்ரோவில் தரிப்பில் ஆள் நின்றால் பஸ் நிற்கும். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, கடைக்கூடையோடு வந்த ஒரு பெண்மணி, "கையை நீட்டவேண்டும், அன்பரே. நீட்டாவிட்டால் நீங்கள் காற்று வாங்க நிற்கிறீர்கள் என்றுதான் நினைப்பான்," என்றார். காற்று என்றதும் காற்று வந்தது. வெறும் சூட்கேஸ் சில்லில் உருண்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடத் தொடங்கியது. நானும் அந்தப் பெண்மணியும் ஒரு தபால்காரரும் சேர்ந்து அதைத் துரத்திப் பிடித்தோம். தூக்கிப் பார்த்த தபால்காரர், "இதற்குள் ஒன்றுமே இல்லையே!" என்றார். "ஒருவரைக் கூட்டிப் போக வந்தேன்," என்றேன். அவர் என்னையும் சூட்கேசையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த பஸ்ஸுக்கு நான் நீட்டிய கையில் இரண்டு பஸ் நின்றிருக்கும்.

பஸ்ஸுக்குள் எல்லோரும் வெல்ஷ் மொழியில் கதைத்தார்கள். கிழவர்கள் மட்டுமல்ல, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும்தான். என் முன் இருக்கையில் இரண்டு சிறுமிகள் ஓர் இனிப்புப் பைக்கற்றுக்காக அந்த மொழியில் சண்டை பிடித்தார்கள். எனக்கு அதுதான் பெரிய அதிசயமாகப் பட்டது. எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வணக்கம் சொல்லுவார்கள், சண்டை என்று வந்துவிட்டால் ஆங்கிலம்தான். சண்டை பிடிக்க உதவுகிற மொழிக்கு ஒரு குறையும் வராது என்று அன்றைக்கு நம்பினேன். ழகரத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பெருமை அடிக்கிறோம். இவர்களிடம் ஒரு லகரம் இருக்கிறது. நாக்கை மேலே ஒட்டி இரண்டு கன்னத்தாலும் காற்றை ஊதவேண்டும். நான் ஊர் வரும்வரை முயன்று கண்ணாடி யன்னலை நனைத்ததுதான் மிச்சம்.

ஒரு வளைவில் கோட்டை வந்தது. கடல் விளிம்பில், கோபுரம் கோபுரமாக, ஊரைவிடப் பெரிதாக நின்றது.

அண்ணையின் வீடு கோட்டையோடு ஒட்டிய பழைய மதிலுக்குள் ஒரு ஒடுங்கிய தெருவில் இருக்கிறது. பொல்லை ஊன்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார். மெலிந்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்தபின் அவருடைய கண் சூட்கேசுக்குப் போனது. ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணை, நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்," என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அது தெரியுது. சனிக்கிழமை எங்கட விழா. அது முடியட்டும், பிறகு கதைப்பம்," என்றார்.

இது தட்டிக் கழிக்கிற கதை என்று நினைத்தேன். கோபமும் வந்தது. ஆனால் மேசையில் சாப்பாடு ஆவி பறந்துகொண்டிருந்தது. லொப்ஸ்கவ்ஸ் என்று இந்தப் பக்கத்து மாலுமிகளின் கறி. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கரட் எல்லாம் ஒரே சட்டியில் மணிக்கணக்காகக் கொதித்துக் குழைந்து வரும். அண்ணை மனோவின் கறித்தூளைப் பிரித்து, மணந்து, தாராளமாக இரண்டு கரண்டி போட்டுக் கிளறினார். மூன்று கோப்பை சாப்பிட்டேன். கோபம் அப்படியே தணிந்துவிட்டது.

படுக்கப் போகுமுன் அண்ணை வெறும் பால் போத்தலுக்குள் ஒரு காகிதத் துண்டைச் சுருட்டி வைத்து, வாசற்படியில் கொண்டுபோய் வைத்தார். நாளைக்கு எத்தனை போத்தல் என்று பால்காரனுக்கு அப்படித்தான் சொல்வதாம். நான் வந்ததால் ஒன்று இரண்டாகியது. காலையில் நான் எழும்பும்போது ரொறன்ரோக் கணக்கில் இன்னும் விடியவில்லை, கைர்நார்வனில் பத்து மணி. படியில் இரண்டு போத்தல், கழுத்தில் தடித்த பாலாடையோடு. பால்காரன் எப்போதோ வந்துபோயிருந்தான். அடுத்த நாட்களிலும் நான் அவன் முகத்தைக் காணவில்லை.

இரண்டாம் நாள் கோட்டைக்குப் போனோம். எழுநூறு வருடத்துக்கு முன், வேல்ஸைப் பிடித்த இங்கிலாந்து அரசன் இந்த மக்களை அடக்கி வைக்கக் கட்டியது. சுவரில் வெளிறிய கல்லும் கறுத்த கல்லும் வரி வரியாக ஓடுகின்றன. படியேறி மேலே போனால், ஒரு பக்கம் மெனாய் நீரிணை, அதற்கப்பால் ஆங்கில்சி தீவு, மறு பக்கம் முகிலுக்குள் தலையை விட்ட மலைகள். இவ்வளவு அழகான இடத்தில் இவ்வளவு பயந்து ஒருவன் கட்டியிருக்கிறானே என்று இருந்தது. மதிலுக்குள் வேல்ஸ்காரர் காணி வாங்கக்கூடாது, குடியிருக்கக்கூடாது என்றெல்லாம் ஒரு காலத்தில் சட்டம் இருந்ததாம். இப்போது அந்த மதிலுக்குள் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர் உடுப்புக் காயப் போட்டிருக்கிறார்.

எங்கள் ஊர் ஒல்லாந்தர் கோட்டை எனக்கு நினைவு வந்தது. அதற்குள் ஆமி இருந்த காலத்தில் அதன் பக்கமே போகமாட்டோம். இங்கேயோ புல்லில் ஆட்கள் படுத்து சான்ட்விச் சாப்பிடுகிறார்கள். வாசலில் ரிக்கட் விற்கிற பெண், படியேற முடியாத அண்ணைக்கு இருக்கத் தன் கதிரையைக் கொடுத்திருந்தார். இறங்கி வந்து அவரிடம், "இதைப் பார்க்க உங்களுக்குக் கோபம் வராதா?" என்று கேட்டேன்.

"ஏன் வரவேண்டும்? கட்டினவன் போய்விட்டான். அவனுடைய வீட்டைச் சுற்றிக் காட்ட நாங்கள் ரிக்கட் விற்கிறோம்," என்றார். சொல்லிவிட்டு, முன்னர் சில்லறை இல்லாமல் வைத்திருந்த மிச்சக் காசைத் தந்தார்.

அடுத்த நாள் பாண் வாங்கப் போனோம். கடை இருநூறு யார் தூரம். போய்வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. பத்தடிக்கு ஒருவர் மறித்தார். அண்ணையை அவர்கள் "டொக்டர் பாஹ்" என்கிறார்கள். பாஹ் என்றால் சின்ன என்று அர்த்தம், ஆனால் செல்லமாகச் சொல்லுவது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஜோன்ஸ், மற்றப் பாதிக்கு வில்லியம்ஸ் என்றுதான் பெயர். அதனால் பாண் ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ் என்று தொழிலைச் சேர்த்துவிடுவார்கள். எங்கள் ஊரிலும் நாங்கள் விதானையார் வீடு, பரியாரியார் வீடு என்றுதானே சொல்லுவோம். பாண் ஜோன்ஸ் பழம் போட்ட கறுத்த பாண் ஒன்றை எனக்கு இலவசமாகத் தந்தார். தேத்தண்ணியில் ஊறின உலர்ந்த திராட்சையோடு, மேலே வெண்ணெய் பூசிச் சாப்பிட, ரொறன்ரோவின் டோனட்டுகளை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணை, உந்தப் பாஷையை எப்பிடிப் படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"வந்த புதுசில ஒரு கிழவி. நல்லா இங்கிலீஷ் கதைக்கிறவ. காய்ச்சல் கூட, இங்கிலீஷ் முழுக்க மறந்துபோச்சு. எங்க நோகுது எண்டு வெல்ஷிலதான் சொல்லுறா. எனக்கு விளங்கேல்லை, தம்பி. பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லுமட்டும் பேயன் மாதிரி நிண்டனான். அண்டைக்குத் தொடங்கினது. முதல்ல உடம்பு உறுப்புகள், பிறகு நோக்காடுகள். 'வணக்கம்' எல்லாம் கடைசியாத்தான் படிச்சனான்," என்றார்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் வெல்ஷ் பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு பலகைத் துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அடுத்துப் பிடிபடுகிற பிள்ளையின் கழுத்துக்கு அது மாறும், பொழுதுபட யார் கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. அண்ணை இதைச் சொல்லும்போது எதிரே பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் அதே மொழியில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

சனிக்கிழமை வந்தது. விழாவின் பெயர் ஐஸ்தெத்வொட். பாட்டும் கவிதையும் போட்டிக்கு. நாடு முழுவதற்கும் பெரிதாக ஒன்று நடக்குமாம், இது ஊரளவில் நடப்பது. ஒரு தேவாலய மண்டபம் நிறைய சனம். காலையில் தொடங்கியது பொழுதுபட்டும் ஓயவில்லை. முதலில் குழந்தைகள் கவிதை சொன்னார்கள். வென்ற பிள்ளைகளின் கழுத்தில் சின்ன வெல்வெற் பை ஒன்றை நாடாவில் கட்டித் தொங்கவிட்டார்கள், உள்ளே பரிசு. பலகை தொங்கிய கழுத்துகளின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள் என்று நினைத்து, கை நோகத் தட்டினேன். பிறகு, வெல்ஷைத் தாய்மொழியாக இல்லாமல் படித்தவர்களுக்கான போட்டி. அண்ணை பொல்லை என்னிடம் தந்துவிட்டு மேடை ஏறினார். எட்டு வரிக் கவிதை, நடுங்காமல் சொன்னார். இரண்டாம் பரிசு. அறுபத்தாறு வயதில் கழுத்தில் சிவப்பு வெல்வெற் பையோடு வந்து பக்கத்தில் இருந்தார். ஸ்காபரோவில் முந்தி ஒருமுறை வந்து நின்றபோது, எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் எல்லாம் மூலையில் பேசாமல் இருந்தவர் இவர்தான்.

கடைசி நிகழ்ச்சி கதிரை. அந்த வருடத்தின் சிறந்த கவிதைக்குப் பரிசு, ஊர்த் தச்சர் செய்த ஒரு மரக் கதிரை. மேடை நடுவில் அதைச் சும்மா வைத்திருந்தார்கள். கவிஞர்கள் புனைபெயரில்தான் எழுதிக் கொடுப்பார்கள், யார் வென்றது என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. நடுவர் அரை மணித்தியாலம் பேசினார். தலைப்பு, வாசற்படி. மெய்யெழுத்துகள் வரிக்குள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லவேண்டும் என்று ஒரு யாப்பு, எங்கள் எதுகை மோனையைவிடக் கொடுமை. அண்ணை எனக்குக் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஏதோ முக்கியமாகச் சொன்னார். நான் கமராவில் பிலிம் மாற்றிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

கொம்பு ஊதினார்கள். விளக்குகள் அணைந்தன. நடுவர் வென்றவரின் புனைபெயரைக் கூப்பிட்டார்.

ரொறன்ரோவில் எங்கள் கலியாண வீட்டில் மேளம் உச்சத்துக்குப் போனால் என்ன நடக்கும்? மண்டபத்தில் பாதிப் பேர் கமராவோடு எழும்பிவிடுவார்கள். கமரா இல்லாதவர்கள்தான் இருப்பார்கள். நானும் அந்தப் பழக்கத்தில் எழும்பிவிட்டேன்.

மண்டபத்தில் எழும்பியது நான் ஒருவன்தான். ஒரு பெரிய விளக்கு சுழன்று வந்து என் மேல் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். படத்துக்கு நல்ல வெளிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அண்ணை என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "இரடா! தம்பி, இரடா!"

"ஒரு நிமிஷம், அண்ணை," என்றேன்.

அதற்குள் நீளமான அங்கி போட்ட இரண்டு பெண்கள் வந்து, ஆளுக்கொரு பக்கமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மேடைக்கு வரச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தப் பெயருக்கு எழும்பவேண்டியவர் வென்ற கவிஞர் ஒருவர்தான் என்று. வெல்ஷில் ஒரு சொல் தெரியாத நான் அவர்களுடைய மகாகவியாக நின்றுகொண்டிருந்தேன். நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

அண்ணை முன்னாலிருந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார். மண்டபத்தைத் திரும்பிப் பார்த்து, வெல்ஷில் இரண்டு வசனம் சொன்னார். மண்டபம் அதிரச் சிரித்தார்கள். அந்தப் பெண்கள் என் தோளைத் தட்டிவிட்டுக் கையை விட்டார்கள். அண்ணை சொன்னது இதுதானாம்: "இவன் என் தம்பி. கனடாவிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு போக வந்தவன். போகிறபோக்கில் கதிரையையும் தூக்கப் பார்க்கிறான்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி என் முதுகில் தட்டினார். அவர் சிரிக்கவில்லை. எனக்கு விளங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"கதிரையை வேண்டுமென்றால் எடுத்துக்கொண்டு போ, மகனே."

நான் இருந்துவிட்டேன். விளக்கு மறுபடி சுழன்று தேடியது. பின்பக்கச் சுவரோரம் ஒரு மனிதர் எழும்பி நின்றார். வழுக்கைத் தலை, அகலமான கை, கழுத்தை இறுக்கின ரை. சனம் கூரை பறக்கக் கத்தியது. அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "உவன்தான்ரா! உவன்தான் என்ர பால்காரன்!"

பால்காரனைக் கதிரைக்கு முன் நிறுத்தினார்கள். அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய வாளை உறையோடு பிடித்து, பாதியளவு உருவி, சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்கள். சபை ஒரே குரலில் பதில் சொன்னது. "'சமாதானம் இருக்குதோ?' எண்டு கேக்கினம். 'ஹெதுஹ்', சமாதானம், எண்டு சனம் சொல்லவேணும். மூண்டு தரம். சொன்னால்தான் வாள் உள்ளுக்குப் போகும், அவன் கதிரையில இருக்கலாம்," என்றார் அண்ணை.

எங்களை யாரும் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. வாளை வைத்திருந்தவர்கள் யாரும் எங்கள் பதிலுக்காக நின்றதில்லை. இரண்டாம் முறை கேட்டபோது அண்ணையின் வாயைப் பார்த்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் முறை அண்ணையோடு சேர்ந்து கத்தினேன். வாள் உறைக்குள் போனது. பால்காரன் கதிரையில் இருந்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், ஒரு படமும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் அடங்கிக் கிடந்தது. நீரிணையோரம் நடந்தோம். அண்ணை கனடாக் கதை எதுவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாலையில் வெறும் போத்தலைக் கழுவி மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு காகிதத் துண்டும் பென்சிலும்.

"தம்பி, நீ இவ்வளவு தூரம் வந்திட்டாய். நீ வா எண்டால் வாறன். உனக்கு மாட்டன் எண்டு சொல்ல என்னால ஏலாது. பால்காரனுக்கு நாளையில இருந்து எத்தனை எண்டு, இல்லாட்டி இனி வேண்டாம் எண்டு, நீயே எழுது. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஜக்ஸ் வீட்டை நினைத்துப் பார்த்தேன். காலை ஆறரைக்கு மனோ ரயிலுக்கு ஓடுவாள், நான் நாலு-சைபர்-ஒன்று நெடுஞ்சாலையில் ஏறுவேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பிறகு பகுதிநேர வேலை. மாலை ஆறு மணிவரை அந்தத் தெருவில் கராஜ் கதவுகள்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரனின் பெயர் எனக்குத் தெரியாது, அவனுடைய புல்லு வெட்டும் மெஷினின் சத்தம் தெரியும். நாங்கள் பாலைப் பையில் வாங்கி ஒரு கிழமைக்கு அடுக்கி வைக்கிறவர்கள். அண்ணை அந்த வெள்ளை அடித்த அறையில் விழுந்தால், எந்தப் பால்காரன் படியில் வெறும் போத்தல் இல்லாததைக் கண்டு கதவை உடைப்பான்?

அவர் ஓர் இரவு தனியே கிடந்தார் என்று நாங்கள் அழுதோம். காலையில் கண்டுபிடித்தார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

பென்சிலை எடுத்து '1' என்று எழுதினேன். சுருட்டிப் போத்தலுக்குள் வைத்து, படியில் கொண்டுபோய் வைத்தேன். வெறும் சூட்கேசை மாடிப்படிக்குக் கீழே தள்ளினேன். கோடையில் ஒரு மாதம் எங்களிடம் வந்து நிற்க அது அவருக்குத் தேவைப்படும்.

திங்கட்கிழமை முதல்முறையாக நேரத்துக்கு எழும்பினேன். யன்னலால் பார்த்தேன். பால்வண்டி வந்து நின்றது. முந்தநாள் சாய்ந்திரம் முடிசூடாத ராசாவாக இருந்த மனிதர், தொப்பி போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். எங்கள் படியில் குனிந்து துண்டை எடுத்து விரித்தார். கனநேரம் பார்த்தார், ஒரு இலக்கத்தை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு நிமிர்ந்து என் யன்னலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

அண்ணை கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. நானும் பின்னால் போனேன். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஒரு போத்தல்தான் நிக்குது," என்றார், திரும்பாமல்.

"ஓம் அண்ணை. இண்டைக்கு ரெண்டு பேரும் பங்கு போட்டுத் தேத்தண்ணி குடிப்பம்," என்றேன்.

குனிந்து அந்தப் போத்தலை எடுக்க அவருக்குக் கனநேரம் பிடித்தது.